தேயிலைத் தோட்டப் பகுதியில் பிள்ளைகளின் பெயர், படம் அச்சிட்ட பொருட்களை யார் வாங்கப் போகிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். வீட்டிலிருந்தே பிள்ளைகளின் பெயரும் படமும் போட்ட கப், டீசேர்ட், ஸ்டிக்கர் செய்து விற்கலாமா, அதற்கு என்னென்ன வேண்டும், அப்புறம் "தோட்டத்துச் சனம் இதுக்கெல்லாம் காசு குடுக்குமா?" முதல் இரண்டோடு நிறுத்தியிருந்தால் நான் பதில் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். யூடியூப்பில் கொட்டிக் கிடக்கிறது. மூன்றாவதுதான் சுருக்கென்று தைத்தது.

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று தெரிகிறது. நீங்களும் என்னைப் போல இலங்கை மலைநாட்டுக்காரராகத்தான் இருப்பீர்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கும், மெஷினில் போட்டு முடங்கிவிடுமோ என்று பயம் இருக்கும். நியாயம்தான். ஆனால் இதே கேள்வியை மெஷின் வாங்கப் போன இடத்தில் என்னிடமும் கேட்டார்கள், வேறு தொனியில். "ஹட்டனா? அங்க யார் எடுக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே பில் போட்டார் ஒருவர். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

ஹட்டனில் சின்னதாக ஓர் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். பெயர் சொல்லப் போவதில்லை, விளம்பரம் என்று யாராவது கிளம்புவார்கள். ஃபோட்டோகொப்பி, லமினேட்டிங், பாஸ்போர்ட் சைஸ் படம், மரண அறிவித்தல், பேனர், இதுதான் சோறு போடுகிறது. பிள்ளைகளுக்கான சாமான் அதற்குப் பக்கத்தில் முளைத்த வேலை. பிறந்து வளர்ந்தது பக்கத்து நோர்வூட்டில் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அதனால் தோட்டத்துச் சனத்தைப் பற்றி நான் பேசினால் அது வெளியில் நின்று பேசுவது இல்லை.

ஒரு நவம்பரில் தோட்டத்து முன்பள்ளி டீச்சர் ஒருவர் வந்தார். வருடக் கடைசிக் கலைவிழாவுக்குப் பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். அதற்கு முந்தைய வருடம் யாரோ ஒரு பெரிய மனிதர் ஷீல்ட் அன்பளிப்புச் செய்திருந்தாராம். ஒன்றை எடுத்துக் காட்டினார். நடுவில் அன்பளிப்பாளரின் சிரித்த முகம், சுற்றிலும் அவருடைய பட்டங்கள், அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி பிள்ளையின் பெயர். "அண்ணே, இந்த வருஷம் யார்கிட்டயும் கேக்கல. பெத்தவங்களே போடுறம்னு சொல்லிட்டாங்க. பிள்ளைங்க பேரு பெருசா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

கப் என்று முடிவானது. படம் எது என்பதில்தான் பேச்சு நீண்டது. கார்ட்டூன் போடலாம் என்றார்கள் சில பெற்றோர். பிள்ளைகளே வரைந்ததைப் போடலாம் என்று நான் சொன்னேன். டீச்சருக்குப் பிடித்துவிட்டது. ஒரு வாரத்தில் கொப்பித் தாள்களில் வரைந்து கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அந்தக் கட்டை இன்னும் மறக்கவில்லை. ஒரு பிள்ளை பெரிய கறுப்புச் சதுரம் வரைந்து அதன் மேல் ஒரு தலையை வைத்திருந்தது. பேய் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மழையில் நனையாமல் இடுப்பில் படங்கு என்னும் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் அம்மா என்று தோட்டத்தில் வளர்ந்தவனுக்குத் தெரியும். இன்னொரு பிள்ளை நீளவாக்கில் ஒரு பெட்டி வரைந்து, பெட்டிக்குள் ஒரு முகம், மூலையில் ஒரு பச்சை வட்டம் போட்டிருந்தது. எனக்கு விளங்கவில்லை. டீச்சர்தான் சொன்னார்: "அது ஃபோன் அண்ணே. உள்ளுக்கு அம்மா. குவைத்ல இருக்காங்க. அந்தப் பச்சை, கோல் எடுக்கிற பட்டன்."

கொப்பித் தாளின் நீலக் கோடுகளைக் கணினியில் அழித்துவிடலாம், பெரிய வேலையில்லை. இரண்டு படங்களில் அழித்துப் பார்த்தேன். படம் மொட்டையாகத் தெரிந்தது. எல்லாவற்றிலும் கோட்டை அப்படியே விட்டேன். பெற்றோரில் ஒருவர்கூட அதைக் குறை சொல்லவில்லை.

இப்போது காசு. உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் படியோடு சேர்த்து 1000 ரூபாய் ஆனது, 2024இல் அடிப்படைச் சம்பளமே 1350 ஆனது. அதுவும் சொன்ன கிலோ கொழுந்து வந்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், இல்லையென்றால் அரைப்பேர். இந்தக் கணக்கு தெரிந்துதான் விலை வைக்க வேண்டும். ஒருநாள் சம்பளத்தைத் தாண்டும் எதையும் பிள்ளைச் சாமானாகத் தோட்டத்தில் விற்காதீர்கள், அதற்கு நன்றாகக் கீழே நில்லுங்கள். அந்த கப்புக்குப் பாதிக்காசு முதலிலும் மீதி பத்தாந்திகதி சம்பளம் போட்ட பிறகும் என்று டீச்சர் பேசி வைத்திருந்தார். பதினோராந்திகதி காலையில் தோட்டத்து வீடுகளின் காசு முழுவதும் வந்து சேர்ந்தது. கடைசிவரை இழுத்தடித்தவர் டவுனில் வீடு கட்டியிருக்கும் மாதச் சம்பளக்காரர் ஒருவர். அவர் பிள்ளையும் அங்கேதான் படித்தது.

"சோத்துக்கே வழியில்லாத இடத்தில் கப் விற்கிறானே" என்று ஒருவர் இங்கே எழுதத்தான் போகிறார். ஐயா, வறுமையை நான் மறுக்கவில்லை. வறுமை இருக்கிற வீட்டில் பிள்ளையின் பெயரைப் பெரிதாகப் பார்க்க ஆசைப்படக் கூடாது என்று எந்த ஊரில் எழுதி வைத்திருக்கிறது? கல்யாணம் காட்சிக்கும் திருவிழாவுக்கும் கடன் வாங்கிச் செலவழிக்கும்போது யாரும் கேட்பதில்லையே.

சரி, வேலைக்கு வருகிறேன். மக் பிரிண்டிங்குக்கு சப்ளிமேஷன் மை வேண்டும், சாதாரண இங்க்ஜெட் மை சரிவராது. அந்த மை 180 முதல் 200 பாகை சூட்டில் உருகாமல் நேரே ஆவியாகி, கப்பின் மேலுள்ள பூச்சுக்குள் இறங்கிவிடும். அதனால் பூச்சுள்ள கப்தான் வாங்க வேண்டும். கடையில் விற்கும் சாதாரணப் பீங்கான் கப்பில் ஒன்றும் ஒட்டாது. துணியிலும் அப்படித்தான், பொலியெஸ்டருக்கு நன்றாக ஏறும், பருத்திக்கு ஏறாது. பருத்தி டீசேர்ட்டுக்கு, படத்தைச் சூட்டில் துணிக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் பேப்பர் என்று தனியாக இருக்கிறது. வெளிர் நிறத் துணிக்கான தாளில் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அடிக்க வேண்டும், கறுப்புத் துணிக்கான தாளில் நேராகவே அடிக்க வேண்டும். சப்ளிமேஷன் மையில் வெள்ளை நிறம் கிடையாது, ஆகவே அடியில் இருக்கும் பொருள் வெள்ளையாகவோ வெளிறியோ இருக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு, கொழும்பில் வகுப்பு எடுப்பவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1200 மீட்டருக்கு மேலே. மே தொடங்கி ஓகஸ்ட் வரை மழையும் மூடுபனியும். தாள் ஈரத்தைக் குடித்துவிடும். ஈரத்தாளில் அடித்து, சூடேற்றி அழுத்தும் மெஷினான பிரஸ்ஸில் வைத்தால் நீராவி கிளம்பி மை பரவும், எழுத்துக்கு ஒரு நிழல் விழும். தாளைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வையுங்கள். துணியையும் படம் வைக்குமுன் சில விநாடி வெறுமனே அழுத்தி ஈரத்தை விரட்டுங்கள். இன்னொன்று, லயத்து வீட்டில் தொடங்குவதாக இருந்தால் முதலில் வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மக் பிரஸ் பரவாயில்லை, டீசேர்ட்டுக்கான பெரிய பிரஸ் நிறைய கரண்ட் இழுக்கும். பழைய வயரில் அதையும் அயர்ன்பொக்ஸையும் ஒன்றாகப் போட நினைக்காதீர்கள்.

பிரஸ் இல்லாமலே தொடங்கக் கூடியது பெயர் ஸ்டிக்கர். மழை ஊர், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிக் குடை, ஒரே மாதிரித் தண்ணீர்ப் போத்தல். காணாமல் போகும் குடைகளால் தாய்மாருக்குள் நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு ஸ்டிக்கரின் மதிப்புத் தெரியும். சாதாரண இங்க்ஜெட்டில் தாள் ஸ்டிக்கர் அடித்தால் முதல் மழையிலேயே கரைந்து ஓடும். லேசர் பிரிண்டரில் அடித்தது கரையாது, தண்ணீர் தாங்கும் வினைல் தாளில் அடித்தால் இன்னும் நல்லது.

தமிழ் எழுத்தில் கவனம் வேண்டும். அச்சுக்கடைகளில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு ஓடுகிறது, ஃபோனில் வருவதோ யூனிகோட் முறை எழுத்து. மாற்றாமல் ஒட்டினால் கண்டதெல்லாம் வரும். பழைய ஃபோட்டோஷொப்பில் யூனிகோட் தமிழை அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் கிடக்கும். பெயரைத் திருப்புவதற்கு முன்னாலேயே வாசித்துச் சரிபாருங்கள், திருப்பிய பிறகு எந்தப் பிழையும் கண்ணில் படாது. பெயரைப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தும் எழுதாதீர்கள். சிங்களத்தில் பதிந்த பெயர் தமிழுக்குத் திரும்பும்போது எப்படியெல்லாம் முறிகிறது என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாயிடமோ தகப்பனிடமோ கையால் எழுதி வாங்குங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், சும்மா அனுப்பினால் சுருங்கி வந்து அச்சில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

வாட்ஸ்அப் என்றதும் அந்த குவைத் அம்மா ஞாபகம் வருகிறார். கலைவிழா முடிந்து மகளின் படத்தைப் பார்த்துவிட்டு எனக்குக் குரல்பதிவு அனுப்பினார். தன் முகமும் மகள் முகமும் போட்ட தலையணை ஒன்றை மகளுக்கு அனுப்ப வேண்டுமாம். ஏற்கெனவே கொழும்பில் ஓர் ஒன்லைன் கடையில் கேட்டிருக்கிறார். வீட்டு இலக்கம், வீதி இரண்டும் போடாமல் அவர்களுடைய படிவம் நகரவில்லை. லயத்துக்கு எங்கே வீதி? இரண்டாம் டிவிசன், மேற்கணக்கு லயம், கோயிலுக்குக் கீழே என்றால் எந்தக் கூரியர்காரன் போவான்? கடைசியில் நான் செய்து, டீச்சர் கையில் கொடுத்தனுப்பினேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதுகிறேன். இருநூறு வருடமாக இந்த மலையில் இருக்கிறோம். இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சொந்தமாக ஒரு விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஒஃபிசுக்கு வரும், அங்கிருந்து யாராவது மனம் வைத்தால் லயத்துக்கு வரும். எனக்கு ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம் அப்படித்தான் வந்தது, பரீட்சை முடிந்த பிறகு. கடிதத்தைக் கொடுத்தவர் "நேத்துதான் தம்பி பார்த்தேன்" என்றார். உறையில் தபால் முத்திரை ஒரு மாதத்துக்கு முந்தியது. அந்த வேலை கிடைத்திருந்தால் கடை வைத்திருப்பேனா என்று வீட்டில் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்லைன் வியாபாரம், டிஜிட்டல் இலங்கை என்று மேடையில் யாராவது பேசினால் எனக்கு அந்த உறைதான் கண்முன் வரும். நீங்கள் வீட்டிலிருந்தே செய்வதென்றால் விநியோகத்தையும் யோசியுங்கள். டீச்சர்மார், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து அக்காமார், தோட்டத்துக்குள் ஓடும் ஓட்டோக்காரர்கள், இவர்கள்தான் உங்கள் கூரியர்.

கார்ட்டூன் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். உலகத்துக்கே தெரிந்த எலியையும் பூனையையும் கப்பில் அடித்து விற்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் வம்பு. "எல்லாரும்தான் அடிக்கிறான்" என்பீர்கள். அடிக்கட்டும். பிள்ளை வரைந்த சதுரத்துக்கு உரிமை கேட்டு எவனும் வர மாட்டான்.

ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தப் படங்களையும் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்காதீர்கள், ஓர்டர் வந்தாலும் வேண்டாம். கழன்ற காந்தம் இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளில் இருந்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். ஊசி குத்தும் பட்ஜும் மூன்று வயதுக்குள் வேண்டாம்.

எப்போது ஓர்டர் வரும் என்றால், டிசம்பர் கலைவிழா, விஜயதசமி ஏடு தொடக்கம், புதிய வகுப்பு தொடங்கும் நாட்கள், முதல் பிறந்தநாள். தீபாவளிக்கு எதிர்பார்க்காதீர்கள், அந்தக் காசு உடுப்புக்குப் போய்விடும். முன்பணம் பாதி வாங்காமல் எதையும் அச்சடிக்காதீர்கள், பெயர் போட்ட கப்பை வேறு ஆளுக்கு விற்க முடியாது. சொந்தக்காரரிடமும் வாங்குங்கள். அவர்களிடம் முழுக் காசையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.