அண்டை நாட்டு மின்சாரம் வருகிறது. சாப்பாட்டுக் கடையின் மின்கட்டணம் குறையுமா?

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். குளிர்பதனப் பெட்டிகள், கிரைண்டர், குளிர்சாதனம் எல்லாம் சேர்ந்து மாதத்துக்கு ஏறத்தாழ 2,500 யூனிட் ஆகிறது. என்னுடைய நிலையான விலை மின்சார ஒப்பந்தம் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. விற்பனை நிறுவனம் ஈராண்டுக்கு மீண்டும் ஒப்பந்தம் செய்யச் சொல்கிறது. என் மைத்துனரோ, லாவோஸிலிருந்தும் இந்தோனீசியாவிலிருந்தும் மலிவான மின்சாரம் வரப்போகிறது, இப்போது கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம் என்கிறார். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருப்பதால் உங்களுக்கு லாபம் இல்லை என்பதே என் கருத்து. உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. அண்டை நாடுகளிலிருந்து மின்சாரம் வருவதும், இனி மேலும் வரப்போவதும் மெய்தான். ஆனால் அது மலிவாக வரும் என்பதும், அடுத்த ஈராண்டுக்குள் உங்கள் மின்கட்டண ரசீதில் தெரியும் என்பதும் சரியல்ல. அந்தக் காலத்தில் உங்கள் கட்டணத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கப்போவது இயற்கை எரிவாயுவின் விலை. ஆகவே, ஒப்பந்தத்தைப் பற்றிய முடிவையும் எரிவாயுவை வைத்தே எடுக்க வேண்டும்.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துப் பெறப்படுகிறது. அந்த எரிவாயு முழுவதும் வெளியிலிருந்து வாங்கப்படுவது. ஒரு பகுதி குழாய் வழியே மலேசியாவிலிருந்தும், இந்தோனீசியாவின் மேற்கு நத்துனாக் கடற்பகுதியிலிருந்து 2001 முதலும், தென் சுமத்ராவிலிருந்து 2003 முதலும் வந்துகொண்டிருக்கிறது. மற்றொரு பகுதி, உறைநிலைக்குக் கீழே 162 பாகை செல்சியஸ் வரை குளிரூட்டப்பட்டு, கன அளவில் ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டு, திரவ இயற்கை எரிவாயுவாகக் கப்பலில் வருகிறது. அதற்கான முனையம் ஜூரோங் தீவில் 2013இல் இயங்கத் தொடங்கியது. குழாய் வழியே விற்கும் நாடுகளில் உள்நாட்டுத் தேவை வளர்ந்துகொண்டே போவதால் நாம் கப்பலை நம்பியிருக்கும் பங்கு கூடிவருகிறது; கப்பல் எரிவாயு என்று வந்துவிட்டால், ஜப்பான், சீனா, தென்கொரியா ஆகிய பெரிய வாங்குநர்கள் நிற்கும் அதே வரிசையில்தான் நாமும் நிற்கிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீண்டகால எரிவாயு ஒப்பந்தங்கள் பலவற்றில் விலை, எண்ணெய் விலையோடு பிணைக்கப்பட்டிருக்கும். எண்ணெய் ஏறினால், சில மாதங்கள் கழித்து எரிவாயுவும் ஏறும். விற்பனை நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட கட்டணத்தில் மின்சாரம் தரும் எஸ்பி குழுமம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் அந்தக் கட்டணத்தில் எரிபொருள் செலவுக்கான பகுதி, முந்தைய காலாண்டின் முதல் இரண்டரை மாத எரிபொருள் விலைச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அதனால்தான் உலகச் சந்தையில் விலை விழுந்த செய்தியைப் படித்த பிறகும் ரசீதில் அந்த இறக்கத்தைக் காணச் சில வாரங்கள் ஆகின்றன.

2021ஆம் ஆண்டின் பிற்பகுதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உலகெங்கும் எரிவாயு விலை எகிறிய அதே நேரத்தில், மேற்கு நத்துனாக் குழாயில் வரத்துத் தடைபட்டது. தென் சுமத்ராக் குழாயில் அழுத்தம் குறைந்தது. விற்பனை நிறுவனங்கள் மின்சாரம் வாங்கும் மொத்த விற்பனைச் சந்தையில் விலை பன்மடங்கு உயர்ந்தது. வாடிக்கையாளர்களுக்கு நிலையான விலையில் விற்றுவிட்டு, தாம் வாங்கும் விலைக்கு முன்கூட்டியே பாதுகாப்புச் செய்துகொள்ளாத விற்பனை நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தையை விட்டு விலகின. அவற்றின் வாடிக்கையாளர்கள் எஸ்பி குழுமத்துக்கு மாற்றப்பட்டார்கள். யாருக்கும் மின்சாரம் நிற்கவில்லை. ஆனால் மலிவான விலை பாதியிலேயே போயிற்று. அடுத்த ஆண்டு உக்ரேன் போர் மூண்டு, ஐரோப்பா கப்பல் எரிவாயுவை எந்த விலைக்கும் வாங்க இறங்கியபோது, பாகிஸ்தானுக்கும் பங்களாதேஷுக்கும் சந்தையில் வாங்கவே முடியாத நிலை வந்து, அங்கே மணிக்கணக்கில் மின்வெட்டு அமலானது. சிங்கப்பூர் தப்பியதற்குக் காரணம் பணம் கொடுக்க முடிந்ததுதான். அந்தப் பணம் கடைசியில் நம் ரசீதுகளில்தான் வந்தது.

இப்போது அண்டை நாட்டு மின்சாரத்துக்கு வருவோம். சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் மின்தடம் 1985 முதல் இருக்கிறது; ஆனால் நெடுங்காலம் அது அவசரத்துக்குக் கைகொடுக்கும் ஏற்பாடாகவே இருந்தது. வணிக முறையில் முதல் இறக்குமதி 2022 ஜூன் 23 அன்று தொடங்கியது. லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் வரை வரலாம் என்பது ஏற்பாடு. இது நம் உச்சத் தேவையில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. 2024 செப்டம்பரில் இந்த அளவு 200 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. கூடுதல் பகுதி மலேசியாவிலிருந்து பெறுவதற்கானது. மூன்று விழுக்காட்டு மின்சாரம் இலவசமாகவே வந்தாலும், மீதி 97 விழுக்காட்டின் விலையை அது அசைத்துவிடாது. மேலும், இடையில் உள்ள இரு நாடுகளுக்கும் கம்பித்தடத்தைப் பயன்படுத்தும் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதால், அது இலவசத்துக்கு அருகிலும் இல்லை.

பெரிய திட்டங்கள் இனிமேல்தான் வரவேண்டும். 2035ஆம் ஆண்டுக்குள் 4 கிகாவாட் (ஒரு கிகாவாட் என்பது 1,000 மெகாவாட்) இறக்குமதி என்று 2021இல் வைக்கப்பட்ட இலக்கு, 2024இல் 6 கிகாவாட்டாக உயர்த்தப்பட்டது. அது 2035இன் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருக்கும். இந்தோனீசியாவிலிருந்து சூரிய மின்சாரம், கம்போடியாவிலிருந்து 1 கிகாவாட், வியட்நாமிலிருந்து 1.2 கிகாவாட், ஆஸ்திரேலியாவின் வடக்கிலிருந்து 4,300 கிலோமீட்டர் கடலடிக் கம்பி வழியாக 1.75 கிகாவாட் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் நிபந்தனையோடு ஒப்புதல் அளித்திருக்கிறது. நிபந்தனையோடு என்ற சொல்லை அழுத்தியே சொல்கிறேன். கடலடி ஆய்வு, நிதி, நாடுகளின் அனுமதி ஆகிய அனைத்தும் கூடிவந்த பிறகே கம்பி பதியும். இவற்றில் மிக அருகில் இருக்கும் இந்தோனீசியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இரவும் பகலும் 2 கிகாவாட் தருவதற்கு, ஏறத்தாழ 11 கிகாவாட் சூரியத் தகடுகளும் 21 கிகாவாட்-மணி சேமிக்கும் மின்கலங்களும் வேண்டும் என்று 2023இல் மதிப்பிடப்பட்டது. வெயில் பகலில் மட்டும்தான் அடிக்கிறது. உங்கள் குளிர்பதனப் பெட்டியோ இரவிலும் ஓடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பும் செலவு முழுவதும் யூனிட் விலையில் ஏறும். எனவே இந்த மின்சாரம் எரிவாயு மின்சாரத்தைவிடக் கட்டாயம் மலிவாக இருக்கும் என்று சொல்வதற்கு எனக்கு ஆதாரம் தென்படவில்லை. அதன் மதிப்பு வேறு: போட்டு முடித்த தகட்டுக்கும் கம்பிக்கும் எண்ணெய் விலையோடு தொடர்பு இல்லை, ஆகவே விலை நிலையாக இருக்கும், கரிம வெளியீடும் குறையும்.

விற்கும் நாடுகளுக்கும் தத்தம் தேவை உண்டு என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைச் சிங்கப்பூருக்கு விற்பதை மலேசியா 2021 அக்டோபரில் தடை செய்தது. 2023 மே மாதத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. உலகிலேயே மிக அதிகமாக அனல்மின் நிலக்கரி ஏற்றுமதி செய்யும் இந்தோனீசியா, தன் மின்நிலையங்களில் இருப்புக் குறைந்ததும் 2022 ஜனவரியில் நிலக்கரி ஏற்றுமதியை நிறுத்தியது. லாவோஸின் நிலை இன்னும் மனத்தைத் தொடுவது. சிங்கப்பூருக்கு மின்சாரம் வந்து சேர்ந்ததற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான், வியந்தியானில் பெட்ரோலுக்காக மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். ஆற்று நீர் தரும் மின்சாரத்தை விற்கிற நாடு, பெட்ரோலையும் டீசலையும் அயல்நாட்டிலிருந்து வாங்குகிறது; அந்நாட்டு நாணயமான கிப் மதிப்பிழந்தபோது, வாங்கப் போதிய அந்நியச் செலாவணி இல்லை. வறண்ட மாதங்களில் அணைகளின் நீர்மட்டம் இறங்கும்போது லாவோஸ் தாய்லாந்திடமிருந்து மின்சாரத்தைத் திரும்ப வாங்குவதும் உண்டு. ஆசியாவில் முழுத் தன்னிறைவோடு நின்று விற்கும் நாடு என்று எளிதில் எதையும் சொல்லிவிட முடியாது.

உங்கள் கணக்கில் நேரடியாக விழும் இன்னொரு செலவு கரிம வரி. மின்நிலையம் போன்றவை வெளியிடும் கரியமில வாயுவுக்கான இந்த வரி, ஒரு டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்தது 2024இல் 25 வெள்ளி ஆயிற்று. 2026, 2027ஆம் ஆண்டுகளுக்கு 45 வெள்ளி. எரிவாயுவில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதால், உங்கள் 2,500 யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு டன் வருகிறது. அதாவது, மின்நிலையம் இந்த வரியை முழுமையாக உங்கள் மேல் ஏற்றினால், மாதம் 45 வெள்ளி; யூனிட்டுக்கு ஏறத்தாழ 1.8 காசு. வரியின் எதிர்காலம் முன்பே அறிவிக்கப்பட்டுவிட்டது: 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை.

இனி உங்கள் முடிவு. கடைக்கு நிலையான விலை ஒப்பந்தத்தையே பரிந்துரைக்கிறேன். 24 மாதம் என்பது அளவான காலம்தான், ஏனெனில் மேலே சொன்ன பெருந்திட்டங்கள் அதற்குள் கட்டணத்தை இறக்கப்போவதில்லை. உங்களுக்குத் தரப்படும் விலை எஸ்பி குழுமத்தின் அப்போதைய கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் தயங்க வேண்டாம். ஒரு காசு கூடுதலாக இருந்தாலும் ஏற்கலாம். அந்த ஒரு காசு உங்களுக்கு மாதம் 25 வெள்ளி, ஆனால் எரிவாயு விலை எகிறி யூனிட்டுக்கு 5 காசு ஏறினால் மாதம் 125 வெள்ளி. இட்லி விலையை மாதாமாதம் மாற்ற முடியாத கடைக்கு இந்தக் காப்பு தேவை. எஸ்பி கட்டணத்தில் இத்தனை விழுக்காடு தள்ளுபடி என்று தரும் திட்டம் இதற்கு ஈடாகாது. அடிப்படைக் கட்டணம் ஏறும்போது அதுவும் கூடவே ஏறும். வீட்டுக்கு வேண்டுமானால் அதைத் தேர்ந்தெடுக்கலாம், அங்கே தொகை சிறியது.

கையெழுத்திடும் முன், கரிம வரி உயர்ந்தால் அதைத் தனியாக வசூலிக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். ‘நிலையான’ என்ற சொல்லை நம்பிவிட்டு இந்த நிபந்தனையைப் படிக்காமல் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நிறுவனத்துக்குச் சொந்த மின்நிலையமோ, மின்நிலையம் உடைய தாய் நிறுவனமோ இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 2021இன் பாடம் அதுதான். வைப்புத்தொகை, இடையில் விலகினால் செலுத்த வேண்டிய தொகை, காலம் முடிந்ததும் தானாகவே எந்த விலையில் புதுப்பிக்கப்படும் என்பது ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலை, 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேர்த்ததா இல்லையா என்பதைப் பார்க்காமல் இரண்டு நிறுவனங்களை ஒப்பிடாதீர்கள். மாதம் 4,000 யூனிட்டுக்குக் குறைவாகப் பயன்படுத்துகிறீர்கள் என்பதால், எதுவும் பொருந்தவில்லை என்றால் எஸ்பி குழுமத்தின் கட்டணத்துக்குத் திரும்பும் வழி உங்களுக்கு இருக்கிறது.

கடைசியாக, எப்போது கையெழுத்திடுவது என்பது. அடுத்த காலாண்டுக் கட்டணம் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் கடைசி நாள்களில் அறிவிக்கப்படுகிறது. உங்களுக்கு இரண்டு மாதம் இருப்பதால், இப்போதே மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டு வையுங்கள். அது எந்தத் தேதி வரை செல்லும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குள் புதிய அறிவிப்பு வருமானால், அதைப் பார்த்துவிட்டு மறுநாளே முடிவெடுங்கள். வராது என்றால், கையில் இருக்கும் கட்டணத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட்டுவிடுங்கள்.