கணக்கிலிருந்து ஐடிக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடங்களாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு வயது 34. படித்தது வரலாறு. பதினோரு வருடமாக ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்தபோது செய்த வேலையைத்தான் இன்றும் செய்கிறேன். மாதக் கடைசியில் எங்கள் பில் பட்டியலையும் வந்த பணத்தின் பட்டியலையும் எக்செல்லில் வி-லுக்கப் என்ற தேடல் சூத்திரம் போட்டு ஒப்பிட்டு, விடுபட்டதைத் தேடி எடுக்கவே மூன்று நாள் போய்விடும். அது கிடக்கட்டும்.

ஐடி துறைக்கு மாற நினைக்கிறேன். பைத்தான் படிப்பதா, ஜாவா படிப்பதா? ஆறு மாதத்தில் வேலை உத்தரவாதம் என்கிறது ஒரு பயிற்சி நிறுவனம். இருக்கும் வேலையை விட்டுவிட்டுச் சேரலாமா? பள்ளியிலேயே கணிதம் எனக்குச் சரியாக வராது. இந்த வயதில் யாராவது எடுப்பார்களா? நீங்களும் வேறு வேலையிலிருந்து ஐடிக்குப் போனவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

‘அது கிடக்கட்டும்’ என்று ஒதுக்கிவிட்டுப் போனீர்களே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். கடிதத்தில் மற்றதெல்லாம் எனக்கு வரும் பத்துக் கடிதங்களில் எட்டில் இருப்பது. இது உங்களுடையது.

நீங்கள் மாதாமாதம் மூன்று நாள் செய்வதற்கு ஐடியில் ஒரு பெயர் இருக்கிறது: ஜாயின். இரண்டு அட்டவணைகளைப் பொதுவான ஒரு எண்ணை வைத்து இணைப்பது. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் என்ற மொழியில் நாலைந்து வரி. ஆனால் வி-லுக்கப்பும் ஜாயினும் ஒன்றல்ல. வேறுபாடு எங்கே என்று உங்கள் வேலையை வைத்தே சொல்கிறேன்.

ஒரு வாடிக்கையாளர் ஒரே பில்லுக்கு இரண்டு தவணையாகப் பணம் கட்டியிருக்கிறார். வி-லுக்கப் முதல் தவணையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடும். பாக்கி நிற்பதாகத் தெரியும். ஜாயின் இரண்டு தவணையையும் கொண்டுவரும், கூடவே பில் தொகையையும் இரண்டு முறை எழுதிவிடும். மொத்தம் ஊதிப்போகும். இன்னொன்று, சாதாரண ஜாயினில் பணமே வராத பில்கள் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். நீங்கள் தேடுவதே அவற்றைத்தானே! அதனால் முதலில் குரூப் பை போட்டு ஒவ்வொரு பில்லுக்கும் வந்த பணத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு பில் பட்டியலை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் செய்ய வேண்டும். பணம் வராத பில்லுக்கு எதிரே நல் என்று வெற்றிடம் நிற்கும். அவைதான் விடுபட்டவை.

இந்தப் பத்தியை உங்களால் தலை சுற்றாமல் வாசிக்க முடிந்திருக்கும். கல்லூரியில் கணினி படித்துவிட்டு வரும் இளைஞருக்கு ஜாயினின் இலக்கணம் தெரியும். ஆனால் மொத்தம் ஊதியிருப்பது அவர் கண்ணில் படாது, மொத்தம் எவ்வளவு வர வேண்டும் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாதே. நீங்கள் பழைய பழக்கத்தில் கடைசி வரிக்குத்தான் முதலில் போவீர்கள். குறியீட்டை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட காலத்தில் இந்தப் பழக்கத்தின் மதிப்பு கூடியிருக்கிறது என்றே நினைக்கிறேன். அவையும் இந்த ஜாயின் பிழையை மிகுந்த தன்னம்பிக்கையோடு செய்யும்.

ஒரு பழைய சேதி. எஸ்கியூஎல்லை உருவாக்கியவர்கள் ஐபிஎம்மில் இருந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும். 1974இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு சீக்வெல் என்று பேர் வைத்திருந்தார்கள். கணினி வல்லுநர் அல்லாதவர்களும் இதைக் கற்றுக்கொள்ள முன்வருவார்கள் என்று சொல்லி, அதற்கு எடுத்துக்காட்டாகச் சிலரைக் குறிப்பிடுகிறார்கள். முதலில் வருபவர்கள் கணக்காளர்கள். பொறியாளர்கள் அதற்கு அப்புறம்தான். ஆக, உங்களை மனதில் வைத்துச் செய்த பொருள் ஐம்பது வருடமாக உங்களுக்காகக் காத்திருக்கிறது. நீங்கள் பைத்தானா ஜாவாவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன். 31 வயதில் மாற முடிவெடுத்ததும் முதலில் செய்தது, பழையதையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்று உறுதி பூண்டது. சி மொழிப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு ஆறு மாதம் அழுதேன். நினைவக முகவரிகளைப் பற்றிய பாயிண்டர் அத்தியாயத்தை நான்கு முறை வாசித்தேன்; நான்கு முறையும் முதல் முறை போலவே இருந்தது. இதோடு, நீங்கள் சொல்வது போன்ற ஒரு ‘உத்தரவாத’ப் பயிற்சிக்கும் பணம் கட்டினேன். அவர்கள் நேர்முகத்துக்கு அனுப்பிவைப்பதைத்தான் உத்தரவாதம் என்று சொல்லியிருந்தார்கள். ஒப்பந்தத்தில் அது தெளிவாகவே இருந்தது, கொஞ்சம் சின்ன எழுத்தில். மெய்ப்புத் திருத்துபவன் அதை வாசிக்காமல் கையெழுத்திட்டான் என்பதுதான் வேடிக்கை.

கடைசியில் வேலை கிடைத்தது டெஸ்டிங்கில், அதாவது மென்பொருளில் தவறு தேடும் பிரிவில். ஒரு திரையைக் காட்டி, ‘இதில் என்ன தவறு இருக்கிறது, பாருங்கள்’ என்றார்கள். கால் மணி நேரத்தில் பதினேழு தவறுகளை எழுதிக்கொடுத்தேன். அதில் பதினொன்று எழுத்துப்பிழைகள். மீதி ஆறு, ஒரு பக்கத்தில் ஒன்றும் அடுத்த பக்கத்தில் வேறொன்றும் சொல்லும் முரண்கள். பாயிண்டர் பற்றி யாரும் கேட்கவில்லை.

அதே குழுவுக்குப் பின்னால் ஒரு பெண் வந்தார். கிடங்கில் சரக்கு எண்ணும் வேலையில் பல வருடம் இருந்தவர். நாங்கள் அப்போது ஒரு கிடங்கு மென்பொருளை ரிலீஸுக்குத் தயாராக வைத்திருந்தோம். சரக்கு வந்ததும் பதிவதற்கு இரண்டு பொத்தான்கள்: ‘வந்தது’, ‘வரவில்லை’. அவர் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “பாதி உடைஞ்சு வந்தா எதை அமுக்கணும்?” என்றார். அறையில் எட்டுப் பேர். யாரும் வாய் திறக்கவில்லை. ரிலீஸ் தள்ளிப்போனது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஐடி என்றால் புரோகிராம் எழுதுவது மட்டும்தான் என்று வெளியிலிருந்து தோன்றும். உங்களுக்கு நேராகத் திறக்கும் கதவுகள் வேறு. தரவுப் பகுப்பாய்வு ஒன்று. கணக்கு மென்பொருள்களைச் சோதிப்பது இன்னொன்று. இரண்டையும்விட உங்களுக்குப் பொருந்துவது நிறுவன மேலாண்மை மென்பொருள்களை நிறுவித் தரும் வேலை என்பது என் எண்ணம். அத்தகைய மென்பொருள் செய்யும் எஸ்ஏபி நிறுவனத்தை 1972இல் தொடங்கிய ஐந்து பேரும் ஐபிஎம்மிலிருந்து வந்தவர்கள். அவர்கள் முதலில் விற்கத் தொடங்கியவற்றில் கணக்கு மென்பொருளும் உண்டு. இன்றும் அதுபோன்ற மென்பொருள்களை ஒரு நிறுவனத்தில் நிறுவும்போது, கணக்குப் பிரிவில் உட்கார்ந்து ‘உங்கள் பில் எந்த வழியாகப் போகிறது’ என்று கேட்டு எழுதிக்கொள்ள ஆள் வேண்டும். ஃபங்ஷனல் கன்சல்டன்ட் என்பார்கள். பதினோரு வருடம் பில் பார்த்தவர் கேட்கும் கேள்வியை வேறு யாரும் கேட்க முடியாது.

கணிதம் பற்றிக் கவலைப்படாதீர்கள். இந்த வேலைகளுக்குக் கூட்டலும் சதவீதமும், ‘இதுவும் அதுவும்’, ‘இது அல்லது அது’ என்று பிரித்துப் பார்க்கும் நிதானமும் போதும். சொல்லப்போனால் உங்கள் துறையின் பிடிவாதம் கணினிக்கே தேவைப்படுகிறது. பைத்தானில் 0.1 + 0.2 என்று போட்டுப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். பின்னங்களைக் கணினி இரும எண்களில் தோராயமாக வைத்துக்கொள்வதால் வரும் கோளாறு. பலர் ‘அட, அவ்வளவுதானே’ என்று போய்விடுவார்கள். கணக்கில் ஒரு காசு இடித்தால் வீட்டுக்குப் போகாத உங்கள் இனம்தான், பணத்தை இப்படி வைக்காதே, மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வை என்று சண்டை போடும்.

வேலையை விடாதீர்கள். இது மட்டும் கட்டளை போலச் சொல்கிறேன். சம்பளம் நின்ற மூன்றாம் மாதத்தில் மூளை எதையும் ஏற்காது, எனக்கு ஏற்கவில்லை. அதைவிட, உங்கள் பயிற்சிக்கூடமே அந்த வேலைதான். வயதைப் பற்றி: எடுப்பார்கள், ஆனால் புதியவர் சம்பளத்தில் எடுக்கலாம். உங்களைவிடப் பத்து வயது இளையவர் எல்லோர் முன்னாலும் உங்கள் வேலையில் குறை சொல்வார், அதுவும் சரியாகவே சொல்வார். அதைத் தாங்க முடியுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு முதல் வருடம் அது கசந்தது. மொழி எதுவும் அவ்வளவு கசக்கவில்லை.

இந்த மாதம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். எஸ்கியூஎல் பழக உதவும் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தள மென்பொருள் இலவசம், உங்கள் வீட்டுக் கணினியே போதும். நிறுவனத்தின் தரவை வெளியே எடுத்துவராதீர்கள், அது தவறு. அதே வடிவத்தில் பொய்யான பில்கள் இருநூறு, பொய்யான வரவுகள் நூற்று எண்பது என்று நீங்களே ஒரு எக்செல் கோப்பு செய்துகொள்ளுங்கள். சில பில்களுக்கு இரண்டு தவணை வையுங்கள். ஓர் எண்ணுக்குப் பின்னால் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டு வையுங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு எண்கள் ஏன் சேர மறுக்கின்றன என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள், அது நல்ல பாடம். சிஎஸ்வி என்னும் எளிய உரைக் கோப்பாகச் சேமித்து எஸ்கியூலைட்டுக்குள் ஏற்றுங்கள். வி-லுக்கப்பில் ஒருமுறை, குரூப் பையும் லெஃப்ட் ஜாயினும் போட்டு ஒருமுறை, விடுபட்ட பில்களைக் கண்டுபிடியுங்கள்.

முடிந்ததும் எழுதுங்கள். நீண்ட கடிதம் வேண்டாம். இரண்டு வழியிலும் விடுபட்டவை எத்தனை, தொகை எவ்வளவு வித்தியாசம், எந்த பில்லால் வந்தது. அவ்வளவு போதும்.