நட்பு நாட்டுப் படையோடு பணிபுரியும் வீரர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

ஒரு நாட்டின் படைவீரர் வெளிநாட்டில் நட்பு நாட்டுப் படையோடு சேர்ந்து பணியாற்றும்போது அவருக்கு உத்தரவிடுபவர் யார், தவறிழைத்தால் தண்டிப்பவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம் ஆகியவை சொந்த நாட்டிடமே இருக்கும். நட்பு நாட்டுத் தளபதியிடம் ஒப்படைக்கப்படுவது, குறிப்பிட்ட பணிக்கான களக் கட்டுப்பாடு மட்டுமே. புதுச்சேரியின் சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்களில், இது சாப்பாட்டு வேளையில் காதில் விழும் செய்தி. என் தகப்பனார் பிரெஞ்சுப் படையின் போக்குவரத்துப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர்; 1991 வளைகுடாப் போரில் பிரான்சின் தாகே டிவிஷனுக்கு எரிபொருள் லாரி ஓட்டியவர்.

அந்த டிவிஷன் அமெரிக்காவின் 18ஆவது வான்வழிக் கோர் (பல டிவிஷன்கள் அடங்கிய பெரும்படை) கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டது. அதே வேளையில் அமெரிக்க 82ஆவது வான்வழி டிவிஷனின் ஒரு பிரிகேடு பிரெஞ்சுத் தளபதியின் கீழ் வந்தது. இரு நாட்டினரும் சேர்ந்தே ஈராக்கின் அல் சல்மானை நோக்கி முன்னேறினர். மேல்மட்டத்தில் இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக அதிகாரம் கைமாறியிருந்தாலும், தகப்பனாருக்கு உத்தரவிட்டவர் அவருடைய பிரெஞ்சு லெப்டினென்ட் ஒருவரே. வழியில் ஓர் அமெரிக்க அதிகாரி லாரியை வேறு பக்கம் திருப்பச் சொன்னபோது, தமக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தைகளில் "எங்கள் லெப்டினென்டைக் கேளுங்கள்" என்று சொல்லி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டதாக இன்றும் சொல்வார்.

படைப்பிரிவாக அல்லாமல் தனியாளாக இன்னொரு நாட்டுப் படைக்குள் சேர்க்கப்படுபவரின் நிலை வேறு. 2013 ஆகஸ்டில் சிரியாவில் இராணுவ நடவடிக்கைக்குப் பிரிட்டன் நாடாளுமன்றம் ஒப்புதல் மறுத்திருந்தது. ஆயினும் நட்பு நாட்டுப் படைகளில் இணைக்கப்பட்டிருந்த பிரிட்டன் விமானிகள் அங்கே ஐ.எஸ். அமைப்பின் மீதான தாக்குதல்களில் பங்கேற்றது 2015 ஜூலையில் வெளியானது. அவர்கள் அந்தந்த நட்பு நாட்டின் கட்டளை வரிசையில் இயங்கினார்கள் என்பது அரசின் விளக்கம். சட்டப்படி அது செல்லலாம். நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டியே சொல்லாததை நியாயப்படுத்த அந்த விளக்கம் போதாது என்பது என் கருத்து.

தண்டனையைப் பொறுத்தவரை, நேட்டோ நாடுகளுக்கிடையே 1951இல் கையெழுத்தான உடன்படிக்கை தெளிவாக இருக்கிறது. பணியின்போது நேர்ந்த குற்றத்தையும், தன் படையினருக்கு எதிராகவே வீரர் இழைத்த குற்றத்தையும் விசாரிக்கும் முன்னுரிமை, அவரை அனுப்பிய நாட்டுக்கு உண்டு. விடுமுறை நாளில் கடைத்தெருவில் உள்ளூர்க்காரரை அடித்தால், முன்னுரிமை அவர் தங்கியிருக்கும் நாட்டுக்குப் போய்விடும். வீரர் அடையாள அட்டையும் பயண உத்தரவும் காட்டி எல்லையைக் கடக்கலாம், பாஸ்போர்ட் வேண்டாம். அவர் மனைவி மக்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

இதில் பலரும் அறியாத பகுதி இழப்பீடு. இராணுவ லாரி பணியின்போது ஒரு விவசாயியின் சுவரை இடித்துவிட்டால், அவர் அந்நியப் படையின் வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. தம் நாட்டு அரசிடமே மனுக் கொடுப்பார். அந்த அரசே தொகையை வழங்கிவிடும். பிறகு, தவறு அனுப்பிய நாட்டுடையது மட்டுமே என்றால், அந்தத் தொகையில் 75 சதவீதத்தை அந்த நாடும் மீதி 25 சதவீதத்தைப் படை தங்கியிருக்கும் நாடும் ஏற்கும்.