நூல் தொய்ந்தால் பந்தயம் போச்சு: கம்பம் சுற்றும் ரப்பர் விமானம்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தெர்மாகோலிலும் மூங்கில் குச்சியிலும் ரப்பர் விமானம் (முறுக்கிய ரப்பர் மூக்கிலுள்ள விசிறியைச் சுழற்ற, அதனால் பறப்பது) செய்திருக்கிறார்கள். நடுவில் கம்பம் நிறுத்தி, 2 மீட்டர் நூலில் கட்டிச் சுற்றவிட்டுப் பந்தயம் வைக்க ஆசை. ஆனால் கையை விட்டதும் விமானம் கம்பத்தின் பக்கமே சாய்ந்து, நூல் தொய்ந்து விழுகிறது. பாதி நேரம் ரப்பரே அறுந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: எந்தப் பக்கமாகச் சுற்றவிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இடச்சுற்றாக, அதாவது கம்பம் விமானத்தின் இடப்பக்கம் வரும்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் விசிறி, விமானத்துக்குப் பின்னால் நின்று பார்த்தால் பெரும்பாலும் கடிகார முள் போகும் திசையில் சுழலும். விசிறி அப்படிச் சுழலும்போது விமானத்தின் உடம்பு இடப்பக்கம் புரளப் பார்க்கும். முழு முறுக்கு ஏற்றிய ரப்பர் முதல் சில விநாடிகளில்தான் மூர்க்கமாகத் தள்ளும். அப்போது கம்பம் இடப்பக்கம் இருந்தால் அதன் மேலேயே சாயும். கோயில் பிரகாரத்தை வலம் வருகிற மாதிரி, கம்பம் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி விடுங்கள். அதே முறுக்கு இப்போது விமானத்தை வெளிப்பக்கம் சாய்த்து நூலை விறைப்பாக வைக்கும்.

நூலின் இழுவிசையைக் கணக்குப் போட்டால் பிள்ளைகளுக்கும் புரியும். 20 கிராம் விமானம், 2 மீட்டர் நூல், விநாடிக்கு 4 மீட்டர் வேகம்: நூலில் வரும் இழுப்பு சுமார் 16 கிராம் எடைக்குச் சமம். வேகம் பாதியானால் இழுப்பு பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். வெறும் 4 கிராம். அதனால்தான் ரப்பர் ஓய்ந்ததும் நூல் தொய்கிறது. நூலை நீளமாக்கினால் இழுப்பு இன்னும் குறையும். 2 மீட்டரே போதும்.

நூலை விமானத்தின் எடைமையத்துக்கு நேராகக் கட்டாமல் அரை சென்டிமீட்டர் பின்னால் கட்டுங்கள். மூக்கு லேசாக வெளியே திரும்பும். முன்னால் கட்டினால் கதை தலைகீழ். வெளிப்பக்க இறக்கை நுனியில் மிளகளவு களிமண் ஒட்டினால் நூலின் எடைக்கு ஈடாகும். நூலுக்குச் சாதாரண பாலியெஸ்டர் தையல் நூல் போதும்.

சரி, ரப்பர். பந்தயத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். பிள்ளைகளோ இறக்கைக்குக் கலர் அடிப்பதிலேயே நேரத்தைக் கழிப்பார்கள். ரப்பர் பேண்டுகளை ஒன்றோடொன்று முடிந்து நீட்டினால் முடிச்சில்தான் அறும். சைக்கிள் டியூபை நறுக்கிப் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். அது பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர், வாங்கிய சக்தியைத் திருப்பித் தருவதில் கஞ்சம். மாடல் விமானத்துக்கென்றே விற்கும் இயற்கை ரப்பர் நாடாவை வாங்குங்கள். 3 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் என்றால் 2 கிராமுக்குச் சுமார் 70 செ.மீ. வரும். வளையமாக்கினால் 35 செ.மீ. முடிச்சு ஒன்றே ஒன்று, அது பின்கொக்கியில் இருக்கட்டும். விசிறியின் கொக்கிக்கும் பின்கொக்கிக்கும் இடையே 27 செ.மீ. வையுங்கள். ரப்பர் ரொம்பத் தொங்கினால் வாலில் சுருண்டு எடைமையத்தையே மாற்றிவிடும்.

ரப்பர் மேலிருக்கும் பவுடரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் பக்கமே போக வேண்டாம், ரப்பர் ஊறிப் போகும். ஒருவர் விமானத்தின் மூக்கையும் விசிறியையும் சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் பின்முனையைக் கழற்றிக் கை டிரில்லில் மாட்டி, நான்கு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதி முறுக்கை அங்கேயே ஏற்ற வேண்டும். மீதியை மெல்ல முன்னால் நடந்துகொண்டே ஏற்றுங்கள். இழுக்காமல் விரலால் விசிறியைச் சுற்றுவதால்தான் உங்கள் ரப்பர் சீக்கிரம் அறுகிறது. ஒரு வளையத்தை வேண்டுமென்றே அறும்வரை முறுக்கி எண்ணிக்கொள்ளுங்கள். பந்தயத்தில் அதில் 80 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். முறுக்குகிறவர் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

கம்பத்துக்கு மணல் நிரப்பிய பெயின்ட் வாளியில் நட்ட பிவிசி குழாய் போதும். உச்சியில் நிமிர்ந்த ஆணி, அதன்மேல் தளர்வாகச் சுழலும் பேனா மூடி, மூடியில் நூல். குழாயில் நேராகக் கட்டினால் நூல் சுருட்டிக்கொள்ளும்.

இரண்டு விமானங்களை ஒரே நேரத்தில் விட்டால் ஒன்றையொன்று முந்தும்போது நூல் சிக்கும். முதல் வருஷம் ஒவ்வொன்றாக விட்டு, 5 சுற்றுக்கு ஸ்டாப்வாட்சில் நேரம் எடுங்கள். எல்லோருக்கும் அதே 2 கிராம் ரப்பர். எடை போட நகைக்கடைத் தராசு இரவல் கேளுங்கள். 1871-இல் பாரிஸில் பிரெஞ்சு விமான முன்னோடி அல்ஃபோன்ஸ் பெனோ முறுக்கிய ரப்பரால் பறக்கவிட்ட மாதிரி விமானம் 11 விநாடியில் சுமார் 40 மீட்டர் போனது. உங்கள் வட்டத்தில் அது மூன்று சுற்றுக்குச் சற்று மேல். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், விடமாட்டார்கள்.

மைதானம் வேண்டாம். காற்று வருகிற பக்கம் விமானம் போனதும் காற்று அதைக் கம்பத்தை நோக்கித் தள்ளும், நூல் தொய்யும். முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபம் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் ஃபேன்களை முதலில் நிறுத்திவிடுங்கள்.