90 சதவீத ரேட்டிங், 7,000 டாலர் வீட்டு வரி: 100-க்குப் போராடும் முன் கையில் எடுக்க வேண்டிய பணம்

கேள்வி: வணக்கம் அண்ணா. நான் 2013-ல், வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, ஆப்கானிஸ்தான் போய்விட்டு, 2020 டிசம்பரில் வெளியே வந்தவன். 2021 மார்ச்சில் வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு ஊன இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தேன். அந்த ஜூனில் டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த் பக்கம் வி.ஏ. கடனில் வீடு வாங்கினோம். கடன் 3.2 லட்சம் டாலர். 2022 ஜனவரியில் ஊன அளவு (ரேட்டிங்) 90 சதவீதம் என்று கடிதம் வந்தது: பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு) 70, ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சுத் தடை) 50, முதுகு 20, காது இரைச்சல் 10. இழப்பீட்டில் இந்த வருட உயர்வு மாதம் 64 டாலர்தான். வீட்டு வரியோ வருடம் 7,100-ஐத் தாண்டுகிறது. 100 சதவீதம் இருந்தால் வரியே இல்லை என்கிறார்கள். ஒரு கம்பெனி ‘வாங்கித் தருகிறோம், கூடும் தொகையில் ஆறு மாதப் பணம் எங்களுக்கு’ என்கிறது. போகலாமா? இல்லை, வேறு மாநிலத்துக்கு மாறிவிடலாமா? நானும் மனைவியும் சேர்ந்து வருடம் 1.4 லட்சம் சம்பாதிக்கிறோம்.

பதில்: அந்தக் கம்பெனிக்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று நம்புகிறேன். நீங்கள் கேட்டது 100 சதவீதத்தைப் பற்றி. ஆனால் உங்கள் தேதிகளைப் படித்தபோது என் கண் முதலில் போனது வேறொரு இடத்துக்கு. உங்களுக்கு ஏழாயிரம் டாலருக்கு மேல் வரவேண்டியிருக்கிறது, அதை நீங்கள் கேட்கவே இல்லை.

வி.ஏ. கடன் வாங்கும்போது ‘ஃபண்டிங் ஃபீ’ என்று ஒன்று பிடிப்பார்கள். 2021-ல் முன்பணம் போடாமல் முதல்முறை வாங்குபவருக்கு அது 2.3 சதவீதம், 3.2 லட்சத்துக்கு 7,360 டாலர். வி.ஏ. இழப்பீடு பெறுபவர்கள் இதைக் கட்டவே வேண்டாம். க்ளோசிங், அதாவது வீடும் கடனும் கையெழுத்தாகி முடிந்த அன்று உங்களுக்கு ரேட்டிங் இல்லை, அதனால் பிடித்திருப்பார்கள். ஆனால் ராணுவத்தை விட்ட ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தவருக்கு இழப்பீடு, வெளியே வந்த மறுநாளிலிருந்தே நடைமுறைக்கு வரும். அப்படியானால் உங்கள் தேதி 2020 டிசம்பர். வீடு வாங்கியது 2021 ஜூன். க்ளோசிங்குக்கு முந்தைய தேதியிட்டு இழப்பீடு பின்னால் வந்தால், அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. யாரும் தானாக அனுப்பமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். க்ளோசிங் டிஸ்க்ளோஷர் என்ற கடன் செலவுக் கணக்குத் தாளில் ‘ஃபண்டிங் ஃபீ’ என்ற வரியைத் தேடுங்கள். தொகை இருந்தால், அந்தத் தாளையும் நடைமுறைத் தேதி போட்ட வி.ஏ. கடிதத்தையும் வைத்துக்கொண்டு கடன் கம்பெனியிடமும், உங்கள் பகுதிக்கான வி.ஏ. கடன் மையத்திடமும் கேளுங்கள். கட்டணத்தைக் கடனோடு சேர்த்திருந்தால் பணம் பெரும்பாலும் கையில் வராது, அசலில் கழியும். அதுவும் பணம்தானே.

அடுத்தது வீட்டு வரி. 100 இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போல. டெக்சாஸில் 10 சதவீதத்திலிருந்தே சலுகை உண்டு. 10 முதல் 29 வரை வீட்டு மதிப்பில் 5,000 டாலர் கழிவு, 30 முதல் 49 வரை 7,500, 50 முதல் 69 வரை 10,000, 70-க்கு மேல் 12,000. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் சலுகைகள் எல்லாவற்றுக்கும் மேல் இது தனி. இதற்குப் படிவம் 50-135. ஹோம்ஸ்டெட்டுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் 50-114 வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

சரி, இதில் எவ்வளவு மிச்சமாகும்? உங்கள் வீடு 4.2 லட்சம் மதிப்பு, பள்ளி வரி 1.05 சதவீதம், கவுண்டி, நகரம், கல்லூரி எல்லாம் சேர்த்து இன்னொரு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி வரிக்கு ஹோம்ஸ்டெட் கழிவு இப்போது 1.4 லட்சம், 2025 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டது. மீதி 2.8 லட்சத்துக்கு 2,940 டாலர். மற்றவற்றுக்கு 4,200. மொத்தம் 7,140. 12,000 கழிவு இதில் குறைப்பது வருடம் 246 டாலர். பெரிய தொகை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊனமுற்ற முன்னாள் வீரருக்கான இந்தச் சலுகையை, அந்த வருட வரி பாக்கியாக மாறும் தேதியிலிருந்து ஐந்து வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். 2022-லிருந்து கணக்குப் போட்டால் ஆயிரம் டாலர் பக்கத்தில் வரும். ஒரு படிவத்துக்கு அது போதும்.

இதைவிடப் பலன் தரக்கூடியது மதிப்பீட்டை எதிர்ப்பது. ஏப்ரலில், வீட்டு மதிப்பை நிர்ணயிக்கும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தின் கடிதம் வந்ததும் அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். மே 15, அல்லது கடிதம் வந்து 30 நாள், எது பிந்தியதோ அதுவரை ஆட்சேபம் எழுதலாம். வரிக்கான மதிப்பை 40,000 குறைத்து வாங்கினால் மேலே சொன்ன விகிதத்தில் 820 டாலர் மிச்சம்; 12,000 கழிவைப் போல மூன்று மடங்கு.

வரியைத் தள்ளிப்போடும் வழி ஒன்றும் இருக்கிறது. ஊனமுற்ற முன்னாள் வீரர், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டு வரியை 5 சதவீத வட்டியில் ஒத்திவைக்கலாம். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது வேண்டாம். கடன் கம்பெனி, தவணையோடு வரிக்கும் காப்பீட்டுக்கும் சேர்த்து வாங்கி வைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து எப்படியும் வரியைக் கட்டிவிடும், வீண் தகராறுதான் மிச்சம்.

இப்போது அந்த 64 டாலர். வி.ஏ. தொகை, சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தோடு சேர்ந்தே ஏறும், ஏறக்குறைய நம்மூர் அகவிலைப்படி போல. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான விலைவாசிக் குறியீட்டை முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டு, டிசம்பர் 1 முதல் கூட்டுவார்கள். 2022 டிசம்பரில் 8.7 சதவீதம், அப்புறம் 3.2, பிறகு 2.5, இப்போது 2.8. துணைவர், பிள்ளைகளுக்கான கூடுதல் இல்லாமல் பார்த்தால், 90 சதவீதத்துக்கு 2,297.96 இருந்தது 2,362.30 ஆனது. வருடத்துக்கு 772 டாலர். இது நாடு முழுக்க ஒரே சதவீதம். உங்கள் ஊரில் வீட்டுக் காப்பீடு எவ்வளவு ஏறியது, எஸ்க்ரோ எவ்வளவு கூடியது என்று அந்தக் குறியீடு தனியாகப் பார்க்காது. அதனால் வீட்டுச் செலவை இந்த உயர்வை நம்பித் திட்டமிட வேண்டாம்.

இப்படிப் பார்த்தால் 90-க்கும் 100-க்கும் இடையே இருப்பது படி அல்ல, மதில். 100 சதவீதத்துக்கு மாதம் 3,938.58. வித்தியாசம் மட்டும் மாதம் 1,576, வருடம் 18,900. அதோடு டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டுக்கு வரி முழுவதும் போய்விடும். கூட்டினால் 26,000 டாலர். ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் உங்கள் கணக்கைப் பாருங்கள். 70, 50, 20, 10-ஐச் சாதாரணமாகக் கூட்டினால் 150. வி.ஏ. அப்படிக் கூட்டாது, மீதியிருக்கும் உடல்நலத்தில்தான் அடுத்த சதவீதத்தை எடுக்கும். 70 போக மீதி 30, அதில் 50 சதவீதம் 15, ஆக 85. மீதி 15-ல் 20 சதவீதம் 3, ஆக 88. மீதி 12-ல் 10 சதவீதம் சேர்த்து முழு எண்ணாக்கினால் 89. பத்தின் பக்கத்துக்குத் தள்ளினால் 90. அதாவது 90 என்பதே உங்களுக்கு மேல்நோக்கித் தள்ளிக் கிடைத்தது. 100 ஆக வேண்டுமானால் கணக்கு 95-ஐத் தொட வேண்டும். புதிதாக ஒரு 40 சதவீதம் கிடைத்தாலும் 94-ல் நிற்கும், மறுபடியும் 90-தான். ‘இன்னும் ஒரு பத்துதானே’ என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

முடியாதது என்று சொல்லவில்லை. முதுகு வலி காலுக்கு இறங்குகிறதா? மரத்துப்போகிறதா? முதுகின் விளைவாக வரும் நரம்புக் கோளாறை இரண்டாம்நிலைப் பாதிப்பாகக் கேட்கலாம், ஒவ்வொரு காலுக்கும் தனியாக. இரண்டு காலுக்கும் 20 வீதம் வந்தால், இருபுறத்துக்கான கூடுதலோடு அது 40 ஆகிறது. அப்போதும் 94. கூடவே, ஆப்கானிஸ்தானில் முகாம் குப்பையை எரித்த குழிகளின் புகையால் வந்ததாக ஏற்கப்படும் நாள்பட்ட மூக்கடைப்புக்கு ஒரு 10 வந்தால் 95. அப்போது 100. ஆக மூன்று கோரிக்கைகளும் தேற வேண்டும், அதுவும் நோய் உண்மையில் இருந்து, மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருந்தால்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல், அந்தப் புகையால் வரும் நோய்களை ஏற்கும் பாக்ட் சட்டம் வந்ததிலிருந்து ‘ஆஸ்துமாவுக்கும் போடுங்கள்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். உங்களுக்கு அதனால் பெரும்பாலும் சதவீதம் ஏறாது. ஆஸ்துமாவும் ஸ்லீப் ஆப்னியாவும் ஒரே மூச்சுமண்டலத் தொகுப்பில் வருவதால் இரண்டுக்கும் தனித்தனி சதவீதம் தரமாட்டார்கள், கடுமையானதற்கு ஒன்றுதான். மூக்கடைப்பும் சைனஸும் அந்தத் தொகுப்புக்கு வெளியே இருப்பதால் அவற்றைத் தனியாகக் கேட்கலாம்.

வேலைக்குப் போக முடியாத நிலையில் இருப்பவருக்கு 100 சதவீதத் தொகை தரும் வழியும் உண்டு. 70 சதவீதத்தில் ஒரு பாதிப்பு இருப்பதால் எண்ணளவில் நீங்கள் தகுதிதான். டெக்சாஸ் அதையும் முழு வரிவிலக்குக்கு ஏற்கும். ஆனால் முழுநேரச் சம்பளம் வாங்குபவர் அதைக் கேட்க முடியாது. இருக்கிற கோப்பை மறுபடி திறந்தால் பழைய சதவீதங்களையும் பார்க்கும் அதிகாரம் வி.ஏ.வுக்கு இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். பி.டி.எஸ்.டி.யில் நல்ல முன்னேற்றம் என்று மருத்துவர் எழுதியிருந்தால், யோசித்துத்தான் கேட்க வேண்டும்.

கம்பெனி விஷயம். கூடும் தொகையில் ஆறு மாதம் என்றால் 9,400 டாலருக்கு மேல். வி.ஏ. அங்கீகாரம் பெற்றவர்கள் மட்டுமே கோரிக்கை தயாரித்துத் தரலாம், முதல் கோரிக்கைக்கு யாரும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். தீர்ப்பு வந்த பிறகு மறுபரிசீலனைக்கு அங்கீகாரம் பெற்ற வக்கீல் வைத்தால், நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயம் என்று கொள்கிறார்கள். இந்தக் கம்பெனி கேட்பது வரப்போகும் மாதங்களின் பணத்தை. வி.எஃப்.டபிள்யூ., டி.ஏ.வி. என்ற முன்னாள் வீரர் சங்கங்கள், டெக்சாஸ் வெட்டரன்ஸ் கமிஷன், உங்கள் கவுண்டியின் முன்னாள் படைவீரர் அலுவலர் எல்லோரும் இதே வேலையை இலவசமாகச் செய்கிறார்கள். அவர்களிடம் போகும் முன்பே ‘இன்டென்ட் டு ஃபைல்’ என்ற, கோரப்போகிறேன் என்னும் முன்னறிவிப்பை மட்டும் பதிவு செய்துவிடுங்கள். அது ஒரு வருடம் உங்கள் கோரிக்கைத் தேதியைப் பிடித்து வைத்திருக்கும். ஆவணங்களை நிதானமாகச் சேர்க்கலாம்.

மாநிலம் மாறுவதைப் பற்றி. வர்ஜீனியா, ஃப்ளோரிடா, நியூ ஜெர்சி மூன்றுமே நிரந்தர 100 சதவீதத்துக்குத்தான் முழு விலக்கு தருகின்றன. 90-ல் இருக்கும் உங்களுக்கு அங்கே போய் லாபமில்லை. இல்லினாய்ஸ்தான் விசித்திரம்: அங்கே 70 சதவீதமே போதும். வரிக்கான மதிப்பில் முதல் 2.5 லட்சத்துக்கு விலக்கு; அந்த மதிப்பு பெரும்பாலும் சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், 4.2 லட்சம் டாலர் வீட்டுக்கு வரியே வராது. ஆனால் இல்லினாய்ஸில் 4.95 சதவீத மாநில வருமான வரி இருக்கிறது. வி.ஏ. பணத்துக்கு வரி இல்லை, உங்கள் இருவர் சம்பளத்துக்கு உண்டு. சில்லறைக் கழிவுகள் போக 6,000-க்கு மேல் வரும். இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுப்பதற்கு வீடு மாற்றும் செலவு எதற்கு? ஓய்வு பெற்ற பிறகு, சம்பளம் நின்ற பிறகு, இந்தக் கேள்வியை மறுபடி கேளுங்கள். அப்போது பதில் மாறலாம்.

டெக்சாஸிலேயே இருந்து பிற்காலத்தில் 100 கிடைத்தால் இரண்டு விஷயம். விலக்கு தகுதி வந்த தேதியிலிருந்தே தொடங்கும், அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஏற்றுக்கொண்ட கடிதத்தைக் கடன் கம்பெனிக்கு அனுப்பி எஸ்க்ரோவை மறுகணக்குப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் வழக்கமாகக் கணக்குப் பார்க்கும் மாதம் வரை பழைய தவணையே ஓடும். அப்புறம், உங்கள் குடியிருப்பில் எச்.ஓ.ஏ. என்ற வீட்டு உரிமையாளர் சங்கக் கட்டணமோ, பி.ஐ.டி. என்ற மேம்பாட்டு மாவட்டத் தொகையோ இருந்தால் அவை சொத்து வரியில் சேராது. 100 சதவீதத்திலும் அவற்றைக் கட்டத்தான் வேண்டும்.