கல்லாவுக்கு அடியில் இருக்கும் நோட்டு

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து ஒரு மருந்துக் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதப் போகிறோம். போன வேலையில், முடித்துக் கொடுத்த பிறகு "நான் கேட்டது இது இல்லையே" என்றார் வாடிக்கையாளர். இந்த முறை தேவைகளை எப்படிச் சரியாகக் கேட்டு வாங்குவது?
– வாசகர், கோவை

பதில்: முதலாளியிடம் பட்டியல் வாங்கியதோடு நிற்காதீர்கள். பில் போடுபவர் பக்கத்தில் இரண்டு நாள் உட்காருங்கள், மாலைக் கூட்டம் உட்பட.

"ஸ்டாக் தெரியணும்" என்பார் முதலாளி. எந்தக் கணக்கில்? வாங்குவது அட்டையாக, விற்பதோ அட்டையிலிருந்து மூன்று மாத்திரை வெட்டி. இருப்பை அட்டையில் வைத்தால் 0.7 என்று நிற்கும். 10 மாத்திரை அட்டை 15 ஆக மாறி வந்தால் அந்த 0.7க்கும் அர்த்தமில்லை. மாத்திரைக் கணக்கில் வையுங்கள். அட்டைக்கு எத்தனை என்பதை ஒவ்வொரு பேட்ச்சோடும் பதியுங்கள்.

அலகுதானே என்று விட முடியாது. 1999இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் விண்கலம் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்தது இதில்தான். நியூட்டன்-விநாடி என்ற மெட்ரிக் அலகில் தர வேண்டிய உந்துதல் எண்களைத் தரைநிலைய மென்பொருள் பவுண்டு விசை-விநாடி என்ற வேறு அலகில் தந்தது. இத்தனைக்கும் எந்த அலகு என்பது ஆவணத்தில் தெளிவாகவே இருந்தது. அதன்படி வருகிறதா என்று சோதிக்கத்தான் தவறிவிட்டார்கள்.

அதனால் ஒவ்வொரு தேவைக்கும் ஓர் எண், சொன்னவர் பெயர், ஒரு சோதனை. "பில் வேகமாக வர வேண்டும்" என்பது ஆசை. "ஐந்து மருந்துள்ள பில், கடையில் இப்போதுள்ள கணினியில், 3 விநாடிக்குள் அச்சுக்குப் போக வேண்டும்" என்பது தேவை. கடையின் பழைய பில் இருபதை வாங்கி, கோட் எழுதும் முன்பே, அவற்றுக்கு மென்பொருள் தர வேண்டிய விடைகளை முதலாளியோடு ஒத்துக்கொள்ளுங்கள். பைசாவை முழு ரூபாயாக்குவதில்தான் பெரும்பாலும் சண்டை வரும்.

கல்லாவுக்கு அடியில் இருக்கும் நோட்டுகளையும் புரட்டுங்கள். ஷெட்யூல் எச்1 மருந்து (மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்கக்கூடிய, கூடுதல் கட்டுப்பாடுள்ள பட்டியலில் இருப்பது) விற்றால் மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் பதிந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கையால் எழுதியே பழகியவருக்கு அதை உங்களிடம் கேட்கத் தோன்றாது. பாதி அட்டை திரும்பி வந்தால்? காலாவதிச் சரக்கு மொத்த வியாபாரிக்குப் போனால்? பில் நடுவில் கரண்ட் போனால்? இவற்றை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: பாதி வேலையில் போனில் மாற்றம் சொல்கிறார்களே?
– அதே வாசகர்

பதில்: சொல்லத்தான் செய்வார்கள். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்: எந்த எண் தேவை மாறுகிறது, எத்தனை நாள், எவ்வளவு பணம், எது தள்ளிப்போகும். அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகு மென்பொருளில் கை வையுங்கள்.