பழைய ஜிப்சியா, பழைய தாரா? ஆஃப்ரோடு பழக வருபவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

குறைந்த செலவில் ஒரு பழைய ஃபோர் பை ஃபோர் (நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி) வாங்கி ஆஃப்ரோடு, அதாவது சாலையில்லாத சேறு, மணல், மேட்டில் ஓட்டப் பழக நினைப்பவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் பொள்ளாச்சிப் பக்கம். பழைய மாருதி ஜிப்சி ஒன்றைப் பல வருடங்களாக வைத்திருக்கிறேன். மெக்கானிக் இல்லை, மெக்கானிக்குக் காசு கொடுத்துக் கொடுத்தே கற்றுக்கொண்டவன்.

அண்ணா, கையில் ஐந்து லட்சம் இருக்கிறது. ஜிப்சி எடுக்கலாமா, பழைய மஹிந்திரா தார் எடுக்கலாமா? (திருப்பூர்)

ஐந்து லட்சம் இருந்தால் வண்டிக்கு மூன்றரையைத் தாண்டாதீர்கள். மிச்சம் வண்டிக்கே தேவைப்படும். டயர், பிரேக், ஆயில் சீல், பேட்டரி எல்லாம் முதல் மூன்று மாதத்திலேயே வரிசையில் வந்து நிற்கும்.

பழகுவதற்கு என்றால் என் ஓட்டு ஜிப்சிக்கு. ஏறக்குறைய ஒரு டன்தான் எடை. சேற்றில் சிக்கினால் நாலு பேர் சேர்ந்து தள்ளியே வெளியே எடுத்துவிடலாம். அகலமும் குறைவு, தோட்டத்துத் தடத்தில் பயமில்லாமல் திரும்பும். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும்) மாடலைத் தேடுங்கள். 80 குதிரைத்திறன். கார்புரேட்டர் மாடல் விலை குறைவுதான், ஆனால் கார்புரேட்டரைச் சரியாகச் செட் செய்யத் தெரிந்த ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

ஜிப்சியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் அது ஒரு தண்டனை. பட்டை ஸ்பிரிங், பின்னால் உட்காருபவர்கள் திரும்பி வரும்போது உங்களோடு பேசமாட்டார்கள். பெட்ரோலும் நன்றாகக் குடிக்கும்.

வார நாளில் ஆபீசுக்கும் அதே வண்டிதான், மாதம் ஒருமுறை ஊட்டிப் பக்கம் போக வேண்டும் என்றால் 2010இல் வந்த முதல் தலைமுறை தார் சி.ஆர்.டி.இ. பொருந்தும். இரண்டரை லிட்டர் டீசல், 105 குதிரைத்திறன், கீழ் வேகத்திலேயே நல்ல இழுவை. ஆனால் இந்தப் பட்ஜெட்டில் வருவது நன்றாக அடிபட்டு ஓடிய வண்டியாகத்தான் இருக்கும். களைத்துப்போன தாரை விட ஒழுங்காகப் பராமரித்த ஜிப்சி மேல்.

தார் என்றாலே ஃபோர் பை ஃபோர்தானே? தனியாகச் சோதிக்க வேண்டுமா? (சேலம்)

இல்லை. பழைய தாரில் டி.ஐ. என்ற வகை டூ வீல் டிரைவிலும் வந்தது. பொலிரோவிலும் பெரும்பாலானவை டூ வீல்தான். பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஸ்டிக்கர் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

டூ வீல், ஃபோர் வீல் மாற்றும் குட்டி லிவர் இருந்தாலும் நம்பாதீர்கள். என் முதல் ஜீப்பைப் புரோக்கர் ஒருவர் மூலம் வாங்கினேன். குட்டி லிவர் அழகாக முன்னும் பின்னும் போனது. பணம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, முதல் மழையில் தோட்டத்துச் சேற்றில் இறக்கினால் பின்சக்கரம் மட்டும் சுற்றிக் குழி தோண்டுகிறது. குனிந்து பார்த்தேன். முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டே இல்லை! மைலேஜுக்காக யாரோ எப்போதோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். டிராக்டர் வைத்து இழுத்தோம். டிராக்டர்காரர் இன்னும் என்னைப் பார்த்தால் சிரிப்பார்.

அப்படியானால் வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? நான் மெக்கானிக் இல்லை, ஐ.டி. வேலை. (மதுரை)

பழைய துணி, டார்ச், சின்னச் சுத்தியல், ஒரு ஜாக்கி, நாலு செங்கல். இவ்வளவு போதும். காலையில் போங்கள், வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உங்களுக்காக எழுப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து கீழே படுத்துவிடுங்கள். சட்டை அழுக்கானால் பரவாயில்லை. வண்டியின் அடிச்சட்டமான சேஸியைச் சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று பதில் சொல்லும், துரு தின்ற இடம் ‘தொப்’ என்னும். ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட்டுகள் இருக்கும் இடத்தில் கூடுதலாகத் தட்டுங்கள். கடலோர ஊர் வண்டியாக இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். விற்கும் வண்டிக்கு யாரும் ஆசைக்காக அடியில் பெயிண்ட் அடிப்பதில்லை.

இனி ஃபோர் பை ஃபோர் சோதனை. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் கொடுத்து, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். இன்ஜின் ஆஃப், முதல் கியர், குட்டி லிவர் டூ வீலில். தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்ற வேண்டும். இப்போது லிவரை ஃபோர் லோவுக்கு (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை) மாற்றி, முன்சக்கர நடுவில் ஹப் பூட்டு இருந்தால் அதையும் பூட்டிவிட்டு மறுபடி சுற்றுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், ஆனால் சுற்றக் கூடாது. சுற்றினால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. ஜாக்கியில் நிற்கும்போது வண்டிக்கு அடியில் மட்டும் போகாதீர்கள்.

கடைசியில் முன், பின் அச்சின் நடுவில் கியர்கள் இருக்கும் ஹவுசிங்கின் ஆயிலை ஒரு துளி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இரும்புத்தூள் மின்னினால் அந்தக் கியர்களான கிரவுன் பினியனை மாற்றும் செலவு காத்திருக்கிறது.

கல்லூரி படிக்கிறேன் அண்ணா. இரண்டரை லட்சம்தான் புரட்ட முடியும். (ஈரோடு)

தம்பி, அந்தக் காசுக்கு ஃபோர் பை ஃபோர் என்று யாராவது காட்டினால் மேலே சொன்ன சோதனையை இரண்டு தடவை செய். கிடைக்கவில்லை என்றால் டூ வீல் பொலிரோ ஒன்றை எடுத்து, நல்ல ஏ.டி. டயர் (தார்ச்சாலை, மண் இரண்டுக்கும் ஆனது) போட்டு ஒரு வருடம் ஓட்டு. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில்தான் எந்த இடத்தில் கால் வைத்தால் வழுக்கும், எந்த வேகத்தில் மேடு ஏறும் என்பதெல்லாம் மண்டையில் ஏறும். மாட்டிக்கொள்வாய். மாட்டட்டும்.

ரெனால்ட் டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. (நாலு சக்கரமும் இழுக்கும் வகை) பரவாயில்லையா? வீட்டில் இரண்டு குழந்தைகள். (சென்னை)

குடும்ப வண்டியாக அருமை. 2014இல் வந்தது, சவாரி சுகத்தில் ஜிப்சி, தார் இரண்டையும் தூக்கிச் சாப்பிடும். ஆனால் லோ ரேஞ்ச், அதாவது மேலே சொன்ன ஃபோர் லோ, கிடையாது. முதல் கியரைக் குட்டையாக வைத்து ஓரளவு ஈடுகட்டியிருக்கிறார்கள்.

லோ ரேஞ்ச் ஏறுவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். மூணாறு பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு உள்ளூர் ஜீப்பில்தான் போக முடியும். ஒருமுறை முன்சீட்டில் உட்கார்ந்து, திரும்பி இறங்கும்போது காட்சியை விட்டுவிட்டு ஓட்டுநரின் காலைப் பாருங்கள். கற்கள் உருளும் சரிவில் பிரேக்கை அவர் மிகக் குறைவாகத்தான் தொடுவார். இன்ஜினே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். டஸ்டரில் அந்த வேலை பிரேக்குக்குப் போய்விடும். மண் பாதை, ஆற்று மணல், ஈரப் புல் இவ்வளவுதான் போவீர்கள் என்றால் தாராளமாக எடுங்கள்.

பழைய டாடா சஃபாரி, ஃபோர்ஸ் கூர்க்கா எப்படி? (கோவை)

சஃபாரி ஃபோர் பை ஃபோர் இரண்டு டன்னுக்கு மேல். மாட்டினால் இழுக்க இன்னொரு பெரிய வண்டி வேண்டும், புதியவருக்கு வேண்டாம். கூர்க்கா 2013 முதல் சந்தையில் இருக்கிறது. ஒரே அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு முன்னும் பின்னும் லாக். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் சாதாரண டிஃபரன்ஷியலில் அந்தச் சக்கரம்தான் வீணாகச் சுற்றும், தரையில் இருப்பது சும்மா நிற்கும். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும். நல்ல வண்டி. ஆனால் பழகும் காலத்தில் லாக் இருந்தால் பாதை பார்த்து ஓட்டும் பழக்கமே வராது என்பது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

டெல்லியில் 2013 தார் மிகக் குறைந்த விலைக்குச் சொல்கிறார்கள். எடுத்து வரலாமா? (திருச்சி)

அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலுக்கும் பதினைந்து தாண்டிய பெட்ரோலுக்கும் நீதிமன்ற உத்தரவுகளால் சிக்கல் வந்தது, அதனால்தான் அந்த விலை. அங்கே வாங்கும் என்.ஓ.சி. (ஆட்சேபமில்லைச் சான்று), இங்கே சாலை வரி, மறுபதிவு, லாரி வாடகை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பாதி லாபம் வழியிலேயே கரைந்துவிடும். உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள்.

பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். காருக்கான மத்திய அரசின் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டியதற்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி.

ராணுவ ஏல ஜீப் ஒன்று இருக்கிறது, பேப்பர் ‘பிறகு செய்து தருகிறோம்’ என்கிறார்கள். (வேலூர்)

பிறகு செய்து தரட்டும், பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர் போட்டால்தானே ஆஃப்ரோடு? (நாமக்கல்)

முதல் வருடம் எதுவும் போடாதீர்கள். வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. எஃப்.சி.யிலும் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் அது வந்து நிற்கும். மற்றொன்று, பெரிய டயர் போட்ட ஜிப்சி மேட்டில் மூச்சு வாங்கும். அதே அளவில் நல்ல ஏ.டி. டயர் போட்டு, மணலில் இறங்கும்போது காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்துப் பாருங்கள், அதுவே வேறு வண்டி மாதிரி இருக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரஸர் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது வரும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் பழைய ஜிப்சிக்கு ஆகுமா? (கரூர்)

ஓட்டுகிறேன். எரிபொருள் ரப்பர் ஹோஸ்களை எல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைப்பதில்லை.

ஓட்டிப் பழக இடம்? தூத்துக்குடித் தேரிக்காட்டுக்குப் போகலாமா? (விருதுநகர்)

செம்மணலைப் பார்த்தால் எனக்கும் கை அரிக்கும். ஆனால் குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அங்கே என்றில்லை, எந்தக் காப்புக்காட்டுக்குள்ளும் அனுமதியில்லாமல் வண்டியை இறக்கினால் வழக்கும் வரும், வண்டியும் போகும். தெரிந்தவர் தோப்பு, தரிசு நிலம் போதும், கேட்டுவிட்டு இறங்குங்கள். திரும்பும்போது டயர் தோண்டிய குழியை மண்வெட்டியால் மூடிவிட்டு வந்தால் அடுத்த முறையும் விடுவார்கள்.

முதல் தடவை போகும்போது கூட என்ன கொண்டுபோக வேண்டும்? (தேனி)

இன்னொரு வண்டி. அப்புறம் நல்ல இழுவைப் பட்டை ஒன்று, மண்வெட்டி, ஸ்டெப்னியில் காற்று, குடிக்கத் தண்ணீர். இழுவைக் கொக்கி முன்னும் பின்னும் சேஸியில் போல்ட் போட்டு இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். பம்பரில் கட்டி இழுத்து, பம்பரை மட்டும் வெளியே எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.